பூங்காவைப் பகலில் பூட்டாதீர்கள்: ஒரு பெங்களூரு லேஅவுட் சங்கத்துக்குத் திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் உங்கள் லேஅவுட்டில் குடியிருப்பவள் இல்லை. அங்கே ஐந்து வீடுகளில் வேலை பார்க்கிறவரின் மகள். பன்னிரண்டு வருஷமாக அம்மா அங்கே வந்து போகிறார். உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியும், சிலருக்குப் பெயரும் தெரியும். கன்னடத்தில் ஒரு பக்கக் கோரிக்கை எழுதிப் போன மாதமே செயலாளர் வீட்டில் கொடுத்தேன். பதில் வரவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ்தான். அதோடு, அம்மாவுக்கும் இதை வாசித்துக் காட்ட வேண்டும். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவருக்கே புரியாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கேட்பது ஒன்றுதான். பூங்காவைப் பகலில் பூட்டாதீர்கள்.

அம்மாவின் நாளைச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு முதல் வீடு. பாத்திரம், துணி, கூட்டித் துடைப்பது என்று மூன்று வீடு முடிய பதினொன்றரை ஆகிவிடும். அடுத்த இரண்டும் சாயங்கால வீடுகள், மூன்றரைக்குத்தான் கதவைத் திறப்பார்கள். நடுவில் நான்கு மணி நேரம். நாங்கள் இருப்பது ஸ்ரீராம்புரம் பக்கம், இரண்டு பஸ் மாற வேண்டும். 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்பதால் காசு பிரச்சினை இல்லை. ஆனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் நேரம் இருக்கும்.

உங்கள் பூங்கா காலை ஐந்துக்குத் திறந்து பத்துக்குப் பூட்டுகிறது. அப்புறம் நாலு மணிக்குத் திறந்து எட்டுக்குப் பூட்டுகிறது. அம்மா பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் அது திறந்திருக்கிறது. அவருக்கு வேலை இல்லாத நான்கு மணி நேரமும் பூட்டிக் கிடக்கிறது. யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் நடக்கிறவர்களையும் மாலையில் பிள்ளைகளை விளையாடக் கூட்டி வருகிறவர்களையும் மனதில் வைத்து யாரோ எப்போதோ போட்ட நேரம் அது. வேலைக்கு வருகிறவர்கள் யார் நினைப்பிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கு லீவு. அம்மா பிரஷர் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு போனேன். பூங்காவின் மேற்குச் சுவரை ஒட்டி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்கும் புங்க மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதன் நிழல் நடைபாதையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுகிறது. அந்த நிழலில் அம்மாவோடு இன்னும் நான்கு பெண்கள், அவர்களுக்கு அப்பால் ஒரு ஸ்விக்கி தம்பி பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார்கள். மணி ஒன்றைத் தாண்டத் தாண்ட நிழல் மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. முதலில் சேலைக் கொசுவத்தில் வெயில் விழுந்தது, பிறகு முழங்காலில். ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒன்றரைக்கு நிழல் சுவருக்கு உள்ளே போய்விட்டது. எல்லோரும் எழுந்து டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் கடைத் தகரத்துக்கு அடியில் போய் நின்றார்கள். தினமும் இப்படித்தானாம். 'நிழல் உள்ளே போயிடும்மா, நாமதான் போக முடியாது' என்றார் ஒரு அக்கா, மணி சொல்வதைப் போலச் சாதாரணமாக.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். காலை ஆறு மணிக்கு நடக்க வருகிறவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை, அதனால் ஒரு விவரம் சொல்கிறேன். இதே பெங்களூருவில், மரம் உள்ள தெருவையும் இல்லாத தெருவையும் அளந்து பார்த்து, சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்தது. தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருந்தது. இரண்டாவது எண்ணைத் திரும்பப் படியுங்கள். அம்மா உட்கார்வது அந்தத் தரையில்தான். 2024 ஏப்ரல் 28 அன்று இந்த ஊரில் 38.5 டிகிரி அடித்ததே, அன்றும் அதே சுவரோரம்தான் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும். பூங்காவுக்குள் ஒரு கழிப்பறை இருக்கிறது. வேலை செய்யும் வீடுகளில் எல்லா இடத்திலும் பாத்ரூம் போக முடியாது. அதனால் அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அவர் மட்டுமில்லை, அந்த நிழலில் உட்காரும் யாரும் குடிப்பதில்லை. நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். சிறுநீர்த் தொற்று என்று அம்மா வயதுப் பெண்களின் சாம்பிள் வரும்போதெல்லாம், இவர் எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் நடுவே எங்கே உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

சரி, நிழலும் கழிப்பறையும் மட்டும் போதுமென்றால் பஸ் ஸ்டாண்டில் போய் உட்காரலாமே என்று கேட்கலாம். நான் உண்மையில் எழுத நினைத்தது இதற்கு மேல் உள்ள விஷயத்தைத்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள், தண்ணீர்க் குழாய் வேலைக்காகப் பகலில் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். வேலை பார்த்த பெரியவர் 'பன்னி, ஒளகெ கூத்கொள்ளி' (வாங்க, உள்ளே உட்காருங்க) என்று கன்னடத்தில் கூப்பிட்டிருக்கிறார், அம்மாவும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். சாதாரணமாக ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா பேசமாட்டார். கால் வலிக்குது என்று ஒரு வார்த்தை, பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அன்றைக்கு அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புங்கம்பூ கொட்டிக் கிடந்ததாம், பொரி சிந்தின மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலே கால் வைத்தாராம். ஒரு அணில் டிபன் பாக்ஸ் மூடி வரை வந்து, ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று தின்றதாம். அப்படியே கண் அசந்துவிட்டார். முழித்துப் பார்த்தால் முந்தானை முழுக்கப் பூ. தட்டிவிட மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பேச்சு அங்கிருந்து செங்கம் பக்கத்தில் அவர் பிறந்த ஊருக்குப் போனது. கிணற்று மேட்டில் ஒரு புங்க மரம் இருந்தது, தாத்தா அதற்கு அடியில்தான் கயிற்றுக் கட்டில் போட்டிருப்பார், வெயில் காலத்தில் அந்த ஒரு இடம் மட்டும் ஜில்லென்று இருக்கும் என்றெல்லாம் சொன்னார். எனக்கு இருபத்தாறு வயது. அந்த மரத்தைப் பற்றி அம்மா சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பிரஷரும் பார்த்தேன். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், அதனால் அதை ஆதாரமாகக் காட்டப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் லேபில் கார்டிசால் என்று ஒரு டெஸ்ட் உண்டு. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது கூடுகிற ஹார்மோன். பொதுவாகக் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுப்போம், ஏனென்றால் அது காலையில் உச்சத்தில் இருந்து பொழுது போகப் போகத் தானாகவே இறங்கும். நேரம் தப்பினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதனால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2019-இல் வந்த ஆய்வைப் படித்தபோது, இந்த இறக்கத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். எடுத்திருந்தார்கள். 36 பேர், எல்லோரும் நகரத்துக்காரர்கள். எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவையாவது, பத்து நிமிஷமோ அதற்கு மேலோ, இயற்கை என்று தங்களுக்குத் தோன்றும் ஏதாவது ஒரு இடத்தில் இருக்கச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சில் சாம்பிள். பொழுதோடு தானாக இறங்குவதைக் கழித்த பிறகும் கார்டிசால் ஒரு மணி நேரத்துக்கு 21 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்திருந்தது. அதிகப் பலன் கிடைத்தது 20 முதல் 30 நிமிஷத்துக்குள்.

அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. காடு மலைக்குப் போகச் சொல்லவில்லை. ஓடக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது. உட்கார்ந்தாலும் சரி, மெதுவாக நடந்தாலும் சரி. பகல் வெளிச்சம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் பூங்கா வாசலில் 'நடைப்பயிற்சிக்கு மட்டும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. சும்மா உட்கார்வதும் உடம்புக்குச் செய்கிற நல்லதுதான் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்ட வேண்டும் போல இருக்கிறது எனக்கு. அதுவும் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற ஒருவருக்கு நடைப்பயிற்சி எதற்கு? அவருக்கு வேண்டியது உட்கார ஒரு இடம்.

அதே 2019-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேரிடம் கேட்டுப் பார்த்ததில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடத்தில் இருக்கிறவர்கள்தான், துளியும் போகாதவர்களைவிட, உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு திருப்தியாக இருக்கிறது என்று அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமோ, கொஞ்சம் கொஞ்சமாகவோ, வித்தியாசம் தெரியவில்லை. இது கேட்டறிந்த கணக்குதான், உடம்பு நன்றாக இருப்பவர்களே அதிகம் வெளியே போயிருக்கவும் கூடும். இருந்தாலும் அந்த 120 நிமிஷத்தை அம்மாவின் வாரத்தோடு வைத்துப் பார்த்தேன். தினம் நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். இருபத்து நான்கு மணி நேரம் ஒரு பூங்காவின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரு நிமிஷம்கூட இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு. இங்கிலாந்தின் நான்கு கோடிப் பேரின் பதிவுகளை வைத்து ரிச்சர்ட் மிட்செல், பிராங்க் பாப்பம் என்ற இருவர் செய்தது. வசதி குறைந்தவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் பசுமை நிறைந்த பகுதிகளில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான அந்த வித்தியாசம் குறைவாக இருந்தது. பசுமை இல்லாத பகுதிகளில் அதிகமாக இருந்தது. மரமும் புல்லும் எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் யாருக்கு வேறு வழி இல்லையோ அவர்களுக்குத்தான் அது அதிகம் ஈடுகொடுக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். உங்கள் வீடுகளில் பால்கனி இருக்கிறது, தொட்டியில் துளசியும் செம்பருத்தியும் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது அம்மாதான், எனக்குத் தெரியும். கோடை விடுமுறைக்குக் கூர்க், சிக்மகளூர் போய் வருகிறீர்கள். போய் வாருங்கள், நல்லது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பன்னிரண்டு வருஷத்தில் அம்மா லால்பாக்குக்குப் போனது ஒரே ஒரு தடவை, ஆகஸ்ட் 15 மலர்க் கண்காட்சிக்கு, அதுவும் நெரிசலில் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தது.

கப்பன் பார்க் பகலில் திறந்துதானே இருக்கிறது, அங்கே போகட்டுமே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மூன்று வீட்டு வேலை முடித்த காலோடு பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு மூன்றரைக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டும். உங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா இருக்கும்போது ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

பூட்டுவதற்குக் காரணமாகச் சொல்வது என்னென்ன என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். காதலர்கள் வந்து உட்காருவார்கள் என்றார். உட்காரட்டுமே. செடியைப் பறிப்பார்கள், குப்பை போடுவார்கள் என்றார். நாள் முழுக்க உங்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள், குப்பையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடிகாரர்கள் வருவார்கள் என்பதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடம், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பாட்டில் கிடப்பது விடியற்காலையில் கேட்டைத் திறக்கும்போது என்று அதே அண்ணன்தான் சொன்னார். அப்படியென்றால் ராத்திரி சுவர் ஏறிக் குதித்திருக்கிறார்கள். பகல் பூட்டு அதைத் தடுக்கவில்லை. சிகாகோவில் ஏழைகள் வசிக்கும் ஒரு அரசுக் குடியிருப்பில் 98 கட்டடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2001-இல் வந்த ஆய்வு. மரமும் புல்லும் நிறைய இருந்த கட்டடங்களைச் சுற்றி, அவை குறைவாக இருந்த கட்டடங்களைவிட 52 சதவீதம் குறைவான குற்றங்களே பதிவாகியிருந்தன. அது மரத்தைப் பற்றிய ஆய்வு, பூட்டைப் பற்றியது இல்லை, தெரியும். ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைப் பாருங்கள். மரம் இருந்தால் ஆட்கள் வீட்டுக்கு வெளியே வந்து உட்காருகிறார்கள், பத்துப் பேர் கண் அந்த இடத்தின் மேல் இருக்கிறது. நாலு பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் எவனும் பாட்டிலைத் திறக்க யோசிப்பான்.

இன்னொன்று, இந்தப் பூங்கா சங்கத்தின் சொத்து இல்லை. மாநகராட்சியின் நிலம், பராமரிப்பை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புங்க மரம் இன்னும் நிற்பதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 2024-இலேயே மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று அறிவிப்பு வந்தது. உங்கள் கேட்டில்கூட அந்தத் தாள் கொஞ்ச நாள் ஒட்டியிருந்ததாம். மழையில் நனைந்து கிழிந்த பிறகு பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டீர்கள்.

புகார் மனுவோடு எங்கும் போக நான் விரும்பவில்லை. அம்மாவும் விரும்பவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன். அதனால்தான் எந்த லேஅவுட், எந்தத் தெரு என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பத்திலிருந்து நாலு வரைக்கும் கேட் திறந்திருக்க வேண்டும். கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும். வெயிலில் காயும் இரண்டு சிமெண்டு பெஞ்சுகளை மரத்தடிக்கு நகர்த்தினால் நல்லது. முக்கியமாக, உள்ளே வருகிறவர்களிடம் 'எந்த வீடு?' என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு கேள்வி போதும், திறந்த கேட்டைத் தாண்டியும் இவர்கள் உள்ளே வரமாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிற அம்மாவுக்கே அன்று அந்தப் பெரியவர் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்கத் தைரியம் வந்தது.

இந்த மடலை முடிப்பதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அணில் விஷயத்தை ஏன் எழுதினாய் என்று சிரித்தார். பிறகு, 'நாங்களே தினமும் கூட்டிப் பெருக்கி வச்சிடுறோம்னு எழுது, அப்போ திறப்பாங்க' என்றார். அதை மட்டும் நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் நடக்க வருகிற யாரும் பூங்காவைக் கூட்டிவிட்டுப் போவதில்லை. அம்மாவும் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மாதக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று கேள்விப்பட்டேன். கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். கூப்பிடாவிட்டாலும் சரி. சாவி செக்யூரிட்டி அண்ணனிடம்தான் இருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புங்கம்பூ இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும்.

அன்புடன்,
சுவரோரம் உட்காரும் ஒருவரின் மகள்
பெங்களூரு